கடலைத் தில்லிக்குக் கொண்டுவந்த ஆசிரியர்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கல்விக்காகத் தோன்றிய அறக்கட்டளை இது. ஆகவே, ஓர் ஆசிரியரைப் பற்றிப் பேசுவதுதான் முறை என்று எனக்குத் தோன்றியது. அவர் பெயர் சையத் ஜாகூர் காசிம். இந்தியாவின் முதல் அண்டார்டிகா பயணத்துக்குத் தலைமை தாங்கியவர் என்று பொது அறிவுப் புத்தகங்கள் அவரை ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகின்றன. அந்த ஒரு வரி உண்மைதான். ஆனால் அந்த வரிக்கு முன்னும் பின்னும் ஒரு நீண்ட ஆசிரியப் பணி இருக்கிறது. வகுப்பறையில் தொடங்கி, ஆய்வுக்கூடம், கப்பல், அரசு அலுவலகம் என்று போய், மறுபடியும் பல்கலைக்கழகத்துக்கே வந்து சேர்ந்த பணி அது. அதைப் பற்றிப் பேசவே நான் இங்கே நிற்கிறேன்.

கடல் அறிஞர் ஒருவரைப் பற்றித் தில்லியில் ஏன் பேச வேண்டும்? நமக்கும் கடலுக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டர் அளவுக்குத் தொலைவு இருக்கிறது. இருந்தாலும், இந்தியக் கடல்களைப் பற்றிய முடிவுகளில் பெரும்பாலானவை எடுக்கப்படுவது இந்த ஊரில்தான். கடலறியாத ஊரில் கடலைப் பற்றிய முடிவு எடுக்கப்படும்போது, அந்த ஊருக்குக் கடலைக் கற்பிக்க ஒருவர் வேண்டும். காசிம் அந்த வேலையைத் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். கடல் அறிஞரின் பணி கண்டுபிடிப்போடு முடிந்துவிடுவதில்லை, கடலைக் காணாதவருக்கு அது புரியும்போதுதான் நிறைவடைகிறது என்பதே இன்றைய உரையில் நான் சொல்ல வந்த செய்தி.

சங்கமத்தில் பிறந்தவர்

காசிம் 1926ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று அலகாபாத்தில் பிறந்தார். கங்கையும் யமுனையும் கலக்கும் ஊர் அது. இங்கே தில்லியைத் தாண்டிப் போகும் யமுனை அங்கே கங்கையோடு சேர்ந்து வங்கக் கடலை நோக்கிப் போகிறது. கடலுக்குப் போகும் நீரைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, கடலைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அல்ல. பள்ளிப் படிப்பு அலகாபாத்தில். பட்டப்படிப்பும் விலங்கியல் முதுகலையும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில். 1951இல் முதுகலை முடித்தவர் அங்கேயே விரிவுரையாளராகச் சேர்ந்தார். மாணவராக உட்கார்ந்த இடத்திலேயே ஆசிரியராக நின்றார்.

மேற்படிப்புக்கு அவர் போனது பிரிட்டனின் வடக்கு வேல்ஸ் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு. அது இருக்கும் பாங்கர் நகரத்தை ஒட்டி மெனாய் நீரிணை ஓடுகிறது. ஓதம் ஏறி இறங்கும்போது பாறை இடுக்குகளில் தேங்கும் நீரில் வாழும் சிறு மீன்களை அவர் ஆராய்ந்தார். அவை எப்போது முட்டையிடுகின்றன, எவ்வளவு காலம் இடுகின்றன, குளிர்க்கடல் மீனுக்கும் வெதுவெதுப்பான கடலின் மீனுக்கும் இனப்பெருக்கக் காலம் ஏன் வேறுபடுகிறது என்பன அவருடைய கேள்விகள். 1956இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அந்த நாட்களின் இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். 1955இல் நைட்-ஜோன்ஸ் என்பவருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் அவர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். கடலில் மிதந்து திரியும் நுண்ணிய விலங்குகளை மூடிய பாத்திரத்தில் விட்டு, நீரின் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் என்ன ஆகும்? அவற்றுள் பல மேல்நோக்கி நீந்தின. அழுத்தத்தைக் குறைத்தால் கீழே இறங்கின. மீனுக்கு இருப்பதுபோல் காற்றுப்பை எதுவும் இல்லாத உயிர்கள் இவை. இருந்தும், தாம் இருக்கும் ஆழம் மாறுவதை உடலால் உணர்கின்றன. ஒரு பாத்திரமும், அழுத்தம் தர ஒரு வழியும், பொறுமையாகப் பார்க்கும் கண்ணும் இருந்தால் கடலின் ஓர் இரகசியத்தைக் கேட்டு வாங்கிவிடலாம் என்பதை அந்த இளைஞர் அன்றே கற்றுக்கொண்டார்.

அலிகரின் குளங்களில்

கடல் உயிரியல் படித்துத் திரும்பியவர் போய்ச் சேர்ந்த இடம், சுற்றிலும் வயலும் குளமும் உள்ள அலிகர். அங்கே கடல் இல்லை. அதற்காக அவர் சும்மா இருக்கவில்லை. மெனாய் நீரிணையில் கேட்ட அதே கேள்வியைக் கங்கைச் சமவெளியின் குளத்து மீன்களிடம் கேட்டார். விரால் இனத்து மீன்கள், கெண்டை வகை மீன்கள் முதலியவை எந்த மாதத்தில் முட்டையிடுகின்றன, ஆண்டுக்கு ஒரு முறையா பல முறையா என்று, கய்யூம் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து பார்த்தார். 1961இல் வெளிவந்த அந்த ஆய்வை, இந்திய நன்னீர் மீன்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

இளம் ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், அங்கிருந்த வசதி இங்கே இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டே பணிக்காலம் முழுவதையும் கழித்துவிட முடியும். காசிம் கொண்டுவந்தது கேள்வி கேட்கும் முறையை. கருவி வேறாகலாம், மீன் வேறாகலாம், நீர்கூட வேறாகலாம். முறை கைவசம் இருந்தால் பக்கத்துக் குளமே ஆய்வுக்கூடம். வகுப்பில் எதைக் கற்பிக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

வெளிச்சப் புட்டியும் இருட்டுப் புட்டியும்

1962 முதல் அவர் வாழ்வு கடலோரத்துக்கு மாறியது. உலக நாடுகள் பல சேர்ந்து நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்களை இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பிய காலம் அது. சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம் என்று அதற்குப் பெயர். இந்தியப் பங்களிப்புக்கு என்.கே. பணிக்கர் தலைமை வகித்தார். காசிம் துணை இயக்குநர்களில் ஒருவராகச் சேர்ந்தார். அந்தப் பயணத்தின் பயனாக, 1966ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று தேசியக் கடலாய்வு நிறுவனம் பிறந்தது. இன்று கோவாவின் டோனா பாலாவில் இருக்கும் அந்த நிறுவனம் முதலில் தொடங்கப்பட்டது இதே தில்லியில்தான். அது நம் ஊர்ப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

கொச்சியில் காசிமும் அவருடைய சகாக்களும் செய்த வேலையைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். கேரளத்துக் காயல்கள் இறாலுக்கும் மீனுக்கும் பேர்போனவை. அந்த வளத்துக்கெல்லாம் அடிப்படை, கண்ணுக்குத் தெரியாத தாவர மிதவை உயிரிகள். வெயிலை வாங்கிக்கொண்டு உணவாக்குபவை அவையே. காயல் ஒரு நாளைக்கு எவ்வளவு உணவு சமைக்கிறது என்பதை எப்படி அளப்பது?

அதற்கு மூன்று கண்ணாடிப் புட்டிகள் போதும். மூன்றிலும் ஒரே இடத்து நீரை, காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்ப வேண்டும். முதல் புட்டியில் அப்போதே ஆக்சிஜன் எவ்வளவு என்று அளந்துவிடலாம். இரண்டாவது தெளிந்த கண்ணாடி, அது வெளிச்சப் புட்டி. மூன்றாவதற்குக் கறுப்புத் துணியோ உலோகத் தாளோ சுற்றிவிட வேண்டும், அது இருட்டுப் புட்டி. இரண்டையும் கயிற்றில் கட்டி நீரில் தொங்கவிட்டுச் சில மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். வெளிச்சப் புட்டிக்குள் இருந்த உயிர்கள் உணவு சமைத்திருக்கும், மூச்சும் விட்டிருக்கும். இருட்டுப் புட்டியில் மூச்சு மட்டும்தான். இரண்டு புட்டிகளின் ஆக்சிஜனுக்கும் உள்ள வித்தியாசமே அந்த நீர் சமைத்த மொத்த உணவின் கணக்கு.

ஆக்சிஜனை அளக்கும் முறையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றதுதான். புட்டியில் மாங்கனீசு சல்பேட்டையும், காரம் கலந்த அயோடைடையும் சில துளி விட்டால், ஆக்சிஜன் உள்ள நீரில் பழுப்பு நிற வீழ்படிவு இறங்கும். ஆசிரியர் கையால் அமிலம் சேர்த்ததும் அது கரைந்து நீர் தேன் நிறம் கொள்ளும். ஸ்டார்ச் கரைசல் விட்டால் கருநீலம். தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட, ஒரு சொட்டில் நீலம் சட்டென்று மறையும். எத்தனை மில்லிலிட்டர் செலவாயிற்று என்பதிலிருந்து ஆக்சிஜன் கணக்கு வந்துவிடும்.

இத்தகைய எளிய அளவைகளை மாதாமாதம், இடத்துக்கிடம் எடுத்துத்தான் 1969இல் வெல்லர்ஸ்ஹாஸ், பட்டதிரி, அபிதி ஆகியோருடன் சேர்ந்து வெப்பமண்டலக் கழிமுகம் ஒன்றின் உணவு உற்பத்தியைப் பற்றிக் காசிம் விரிவாக எழுதினார். தென்மேற்குப் பருவமழையில் காயலின் மேல்நீர் ஏறக்குறைய நன்னீராகிவிடுகிறது. கோடையில் அதே இடம் கடல்போல் உப்புக் கரிக்கிறது. இத்தனை மாற்றத்தையும் மிதவை உயிரிகள் எப்படித் தாங்குகின்றன என்ற கேள்விக்கு, பட்டதிரி, தேவசி ஆகியோருடன் 1972இல் எழுதிய கட்டுரையில் விடை தந்தார். ஆராய்ந்த உயிரிகள் கடல்நீரைவிட உப்புக் குறைந்த நீரிலேயே கூடுதலாக உணவு சமைத்தன. மழை காயலைக் கெடுப்பதில்லை, அதன் அடுப்பை மூட்டுகிறது.

கதை அங்கே முடியவில்லை. காயல் சமைக்கும் உணவை அங்குள்ள மிதவை விலங்குகள் தின்று தீர்ப்பதில்லை. மீந்தது மடிந்து, மக்கி, அடியில் வண்டலோடு படிகிறது. வீணாகப் போகிறதா? இல்லை. அந்த மட்கையே தின்று இறால் வளர முடியும் என்பதையும் காசிமின் குழு சோதித்துக் காட்டியது. மழை, மிதவை உயிரி, மட்கு, இறால், வலை, சந்தை என்று சங்கிலி முழுமையாகக் கண்முன் வருகிறது. நாம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கும் இறாலின் வரலாறு இது. தில்லிக் குழந்தைக்குக் கடலைச் சொல்லித்தர இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

கோப்புகளுக்கு நடுவே ஒரு கடல்

1970களின் தொடக்கத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராகக் காசிம் இருந்தார். தமிழ்நாட்டின் மண்டபம் என்ற ஊரில் நெடுங்காலம் தலைமையகம் வைத்திருந்த நிலையம் அது. 1974 முதல் 1981 வரை கோவாவில் தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் இயக்குநர். இந்த ஆண்டுகளில்தான் கல்கத்தாவின் கார்டன் ரீச்சில் உருவான ‘கவேஷணி’ என்ற ஆய்வுக் கப்பல் 1976இல் நிறுவனத்துக்குக் கிடைத்தது. 1981 குடியரசு நாளன்று அந்தக் கப்பல் ஆழ்கடல் தரையிலிருந்து பல்லுலோக முடிச்சு ஒன்றை அள்ளி வந்தது. மாங்கனீசு, நிக்கல், செம்பு, கோபால்ட் செறிந்த உருண்டைகள் இவை. பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். அந்தத் தொடக்கத்தின் பயனாக, ஐக்கிய நாடுகள் ஏற்பாட்டின் கீழ் மத்திய இந்தியப் பெருங்கடலில் 1,50,000 சதுர கிலோமீட்டர் பரப்பு 1987இல் இந்தியாவுக்கு ஆய்வுக்காக ஒதுக்கப்பட்டது. முன்னோடி முதலீட்டாளர் என்று முதலில் பதிவான நாடு இந்தியா.

1981இல் அவர் தில்லிக்கு வந்தார். அந்த ஆண்டு ஜூலையில் கடல் மேம்பாட்டுத் துறை தொடங்கப்பட்டு, பிரதமரின் நேரடிப் பொறுப்பில் வைக்கப்பட்டிருந்தது. அதன் செயலர் பொறுப்பு விரைவிலேயே அவரிடம் வந்தது. 1988 வரை அதில் இருந்தார். ஒன்றை இங்கே எண்ணிப்பார்க்க வேண்டும். நிதித் துறை, சட்டத் துறை, வெளியுறவுத் துறை என்று ஒவ்வொரு மேசைக்கும் போய், கடல் என்றால் என்ன, அதற்கு ஏன் கப்பல் வேண்டும், கப்பலுக்கு ஏன் இத்தனை கோடி வேண்டும் என்று விளக்க வேண்டிய வேலை அது. நாற்காலியில் இருந்தவர்கள் பெரும்பாலும் கடல்நீரைக் கையால் அள்ளிப் பார்த்திராதவர்கள். அவர்களுக்குப் பாடம் எடுக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தார். அடுத்த சில ஆண்டுகளில் ‘சாகர் கன்யா’, ‘சாகர் சம்பதா’ என்ற இரண்டு பெரிய ஆய்வுக் கப்பல்கள் வந்தன. 1982 நவம்பரில் இந்தியாவின் கடல் கொள்கை அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. கரையிலிருந்து 200 கடல் மைல் வரையிலான, 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீர்ப்பரப்பு நம் பொறுப்பு என்பதை நாடு உணரத் தொடங்கிய காலம் அது.

அண்டார்டிகா பயணம் இந்தப் பின்னணியில்தான் நடந்தது. 1981 டிசம்பர் 6 அன்று, நார்வேயிலிருந்து வாடகைக்கு எடுத்த ‘போலார் சர்க்கிள்’ கப்பலில், 21 பேர் கோவாவிலிருந்து புறப்பட்டார்கள். இந்திரா காந்தியின் நேரடி ஆதரவில், வெளியே சொல்லாமல் செய்த ஏற்பாடு. பயணத் தலைவரான காசிம் தமக்கு 55 வயது நிறைந்த நாளை நடுக்கடலில் கழித்தார். 1982 ஜனவரி 9 அன்று பனிக்கண்டத்தில் கால் வைத்தார்கள். ஆளில்லா வானிலை நிலையம் ஒன்றை நிறுவினார்கள். வழியில் அறியப்பட்ட கடலடி மலைக்கு ‘இந்திரா’ என்று பெயர் வைத்தார்கள். பிப்ரவரி 21 அன்று கோவா திரும்பினார்கள். அடுத்த ஆண்டே இந்தியா அண்டார்டிகா உடன்படிக்கையில் சேர்ந்தது. அதற்கடுத்து தட்சிண கங்கோத்ரி நிலையம் எழுந்தது. பிறகு மைத்ரி, பாரதி.

இந்தப் பயணத்தால் நாட்டுக்குக் கிடைத்த அரசியல் பலனைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் கல்விப் பலன். தேசத்தின் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் கடலைப் பற்றி எழுதின. கிராமத்துப் பள்ளிக்கூட வினாடி வினாவில்கூடத் தட்சிண கங்கோத்ரி இடம்பிடித்தது. பருவமழைக்கும் தென் கடலுக்கும் என்ன உறவு என்ற கேள்வி அறிவியல் கூட்டங்களிலிருந்து வெளியே வந்தது. பல ஆண்டுகள் பாடப்புத்தகம் எழுதியிருந்தாலும் இத்தனை பேரை எட்டியிருக்க முடியாது.

மீண்டும் வகுப்பறை நோக்கி

செயலர் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் போனது பல்கலைக்கழகத்துக்கு. 1989 முதல் 1991 வரை, இதே தில்லியில், ஓக்லாவில் உள்ள ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் துணைவேந்தர். பிறகு 1996 வரை திட்டக் குழு உறுப்பினர். பொதுவாசகர் படிக்கக்கூடிய விதத்தில் இந்தியப் பெருங்கடலைப் பற்றி 1998இல் ஒரு நூல் எழுதினார். 2003இல், எழுபத்தாறாம் வயதில், இந்தியக் கழிமுகங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். 2015 அக்டோபர் 20 அன்று தில்லியில் காலமானார். பத்மஸ்ரீ, பத்மபூஷண் விருதுகள் அவருக்குக் கிடைத்திருந்தன. கடைசிவரை எழுத்தையும் பேச்சையும் அவர் விடவில்லை என்பதுதான் விருதுகளைவிட என்னைக் கவர்கிறது.

அறிஞர் ஒருவர் பொதுமக்களுக்காக எழுதும் நூல் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். ஆலிஸ்டர் ஹார்டி என்ற பிரிட்டானியக் கடல் அறிஞர் பொதுவாசகருக்காக எழுதிய ‘தி ஓப்பன் சீ’ என்ற புத்தகம், புணேயில் இளநிலை அறிவியல் படித்துக்கொண்டிருந்த அதிதி பந்த் என்ற மாணவியின் கையில் கிடைத்தது. படித்தவர் கடலியலையே தம் வாழ்வாக்கிக்கொண்டார். ஹவாயிலும் லண்டனிலும் படித்து, தேசியக் கடலாய்வு நிறுவனத்தில் சேர்ந்து, 1983இல் புறப்பட்ட மூன்றாவது பயணத்தில் நிலவியலாளர் சுதீப்தா சென்குப்தாவுடன் அண்டார்டிகா சென்றார். இந்திய ஆய்வுப் பயணத்தில் பனிக்கண்டம் சென்ற முதல் பெண்கள் அவர்கள் இருவரும். காசிம் கட்டிய ஏற்பாடும், ஹார்டி எழுதிய புத்தகமும் சந்தித்த இடம் அது. ஏற்பாடு இருந்தும் புத்தகம் இல்லையென்றால் ஆள் கிடைக்காது. புத்தகம் இருந்தும் ஏற்பாடு இல்லையென்றால் கனவு கரை சேராது.

பாடம் உயிர் காத்த நாள்

கடலோரத்தில் வாழாதவருக்குக் கடல் கல்வி ஓர் அலங்காரம்தானே என்று சிலர் கேட்கலாம். 2004 டிசம்பர் 26 அதற்கு விடை சொல்லிவிட்டது. தாய்லாந்தின் ஃபூகெட் தீவில், மை காவ் கடற்கரையில், பெற்றோருடன் விடுமுறைக்கு வந்திருந்த டில்லி ஸ்மித் என்ற பத்து வயதுச் சிறுமி, கடல் நுரைத்து விநோதமாக நடந்துகொள்வதைக் கவனித்தாள். இரண்டு வாரத்துக்கு முன்புதான் இங்கிலாந்தில் அவளுடைய புவியியல் ஆசிரியர் ஆழிப்பேரலையின் அறிகுறிகளை வகுப்பில் சொல்லியிருந்தார். இது அதுதான் என்று அவள் கூச்சலிட, கடற்கரையில் இருந்த நூறு பேர் அளவில் உயிர் தப்பினார்கள். கடலோரமில்லாத மாவட்டத்துப் பள்ளியில் நடந்த ஒரு பாடவேளை அத்தனை உயிர்களைக் காத்தது. அதே நாளில் நம் மெரினாவிலும் நாகப்பட்டினத்திலும் கடல் இயல்பு மாறியபோது, அது எதன் அறிகுறி என்று அறியாமல் நின்று பார்த்தவர்கள் எத்தனையோ பேர். தில்லிக் குழந்தைகள் ஆண்டுதோறும் தாத்தா பாட்டி ஊருக்குப் போகிறார்கள். கன்னியாகுமரிக்கும் ராமேசுவரத்துக்கும் புதுச்சேரிக்கும் போகிறார்கள். அவர்களுக்கு அந்த ஒரு பாடவேளை கிடைத்திருக்கிறதா?

அதே நாளின் இன்னொரு சான்று புதுச்சேரியை அடுத்த நல்லவாடு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஓர் அறிவு மையம் நடத்திவந்தது. அலை உயரம், காற்று பற்றிய செய்திகளை மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவிப்பது அதன் வேலைகளுள் ஒன்று. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசினார். ஊரார் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழும் அந்த ஊர் தப்பியது. வீடுகளும் படகுகளும் போயின, மனிதர்கள் இருந்தார்கள். அறிவைக் கொண்டுசேர்க்க ஒரு வழி ஏற்கெனவே ஊருக்குள் இருந்ததால்தான் ஆபத்து நாளில் அது பயன்பட்டது.

வழி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் காட்டியது. கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆழ்கடல் மீனவர்கள் கரையிலிருந்து வெகுதூரத்தில், கைப்பேசி எட்டாத இடத்தில் இருந்தார்கள். எச்சரிக்கை கரையோடு நின்றுவிட்டது. எத்தனையோ குடும்பங்கள் தந்தையையும் மகனையும் இழந்தன. அதன் பிறகுதான், 2019இல், ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் செயற்கைக்கோள் வழியே நடுக்கடலுக்குச் செய்தி அனுப்பும் ‘ஜெமினி’ கருவியைக் கொண்டுவந்தது. கணிப்பது பாதி வேலை. கணித்ததைக் கேட்க வேண்டியவர் காதில் போடுவது மீதி வேலை.

இதற்கு எதிர்த் திசையிலும் ஒரு வழி வேண்டும். காற்றின் பெயரும் திசையும், நீரோட்டத்தின் போக்கும், கரை மலைகளை அடையாளம் வைத்து நடுக்கடலில் பார்களை, அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளை, கண்டறியும் முறையும் நம் பரதவரிடமும் முக்குவரிடமும் பல தலைமுறையாக இருக்கின்றன. விலங்கியல் பேராசிரியராகப் பணியாற்றிய வறீதையா கான்ஸ்தந்தின் அந்த அறிவைத் தமிழில் தொடர்ந்து எழுதிவருகிறார். பரங்கிப்பேட்டையில் பேராசிரியர் ஆர்.வி. சேஷையா வளர்த்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், மீனவர் ஊரின் பக்கத்திலேயே இருந்து பல தலைமுறை ஆய்வாளர்களை உருவாக்கியிருக்கிறது. கடல் அறிவு மேலிருந்து கீழே மட்டும் போவதில்லை. கடலோரத்திலிருந்து தில்லிக்கும் வர வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

ஐக்கிய நாடுகள் சபை 2021 முதல் 2030 வரையிலான ஆண்டுகளைக் கடல் அறிவியலுக்கான பத்தாண்டுகளாக அறிவித்திருக்கிறது. கடலைப் பற்றி ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஏழு கருத்துகளை ஆசிரியர்களும் அறிவியலாளர்களும் தொகுத்து வைத்திருக்கிறார்கள். உலகில் இருப்பது ஒரே பெருங்கடல்தான் என்பது அதில் முதலாவது. இவை தில்லிப் பள்ளிகளுக்குள் வர வேண்டும். அதற்கு மூன்று யோசனைகளை இந்த அவையின் முன் வைக்கிறேன்.

முதலாவது, யமுனையிலிருந்து தொடங்குங்கள். நான் சொன்ன புட்டிச் சோதனையை நம் பள்ளிகளின் மேல்வகுப்புப் பிள்ளைகள் செய்யட்டும். வஜிராபாத் அணைக்கு மேலே ஒரு புட்டி நீர், ஓக்லாவில் ஒரு புட்டி நீர். ஆக்சிஜன் இருக்கும் நீரில் வீழ்படிவு பழுப்பாக இறங்கும். அறவே இல்லாத நீரில் வெள்ளையாக இறங்கும். நகரத்தின் சாக்கடைகள் கலந்த பிறகு யமுனையில் ஆக்சிஜன் இல்லாமல் போவதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் அறிக்கைகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. அறிக்கையில் படிப்பது வேறு, தன் கையிலிருக்கும் புட்டியில் வெள்ளை இறங்குவதைப் பார்ப்பது வேறு. அந்த நீர்தான் அலகாபாத் வழியாக வங்கக் கடலுக்குப் போகிறது என்று அப்போது சொன்னால், பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்காது.

இரண்டாவது, அறிஞர்களை அழையுங்கள். புவி அறிவியல் அமைச்சகத்தின் பிருத்வி பவன் லோதி சாலையில் இருக்கிறது. நம் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கு அது அண்டை வீடு. ஆழ்கடல் திட்டம் பற்றியும், சென்னைப் பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் ‘மத்ஸ்யா’ நீர்மூழ்கி பற்றியும், பருவமழைக் கணிப்பில் இந்தியப் பெருங்கடலின் வெப்பநிலை ஏன் கவனிக்கப்படுகிறது என்பது பற்றியும் பேசக்கூடியவர்கள் அங்கே வந்துபோகிறார்கள். அவர்களுள் தமிழர்கள் பலர். மாதம் ஒரு மாலை நேரத்தைப் பிள்ளைகளுக்காகக் கேட்டால் தராமல் போக மாட்டார்கள். மீனவர் ஒருவர் உறவினரைப் பார்க்கத் தில்லி வந்தால், அவரையும் அதே மேடையில் அதே மரியாதையோடு உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள்.

மூன்றாவது, தமிழில் எழுதுங்கள். காசிமின் நூல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. கடலியலின் புதிய செய்திகளை எட்டாம் வகுப்புப் பிள்ளை படிக்கும் தமிழில் தரும் புத்தகங்கள் இன்னும் நிறைய வேண்டும். புணேயில் ஒரு மாணவிக்கு நேர்ந்தது தில்லியிலோ திருச்செந்தூரிலோ ஒரு பிள்ளைக்கு நேர வேண்டுமானால், அந்தப் பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு புத்தகம் இருக்க வேண்டும். இந்த அறக்கட்டளை ஆண்டுக்கு அப்படி ஒரு நூலுக்கு உதவினால், பத்தாண்டுகளில் ஒரு நூலக அடுக்கு நிறைந்துவிடும்.

மாணவ மாணவியரே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கடலோரத்தில் பிறக்கவில்லையே என்று நினைக்காதீர்கள். அலகாபாத்தில் பிறந்து அலிகரில் படித்தவர் அண்டார்டிகாவரை நாட்டை அழைத்துப் போனார். கேள்வி கேட்கப் பழகுங்கள், கையால் அளந்து பாருங்கள், கண்டதைப் பக்கத்தில் இருப்பவருக்குப் புரியும்படி சொல்லுங்கள். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அறிவியல். மூன்றாவதை விட்டுவிட்டால் முதல் இரண்டும் உங்களோடு நின்றுவிடும்.

ஆசிரியப் பெருமக்களே, வரும் கல்வியாண்டில், பருவமழை தில்லியில் பெய்யும் ஜூலை மாதத்தில், முதல் புட்டியை யமுனையில் இறக்குவோம். செலவு சிறியது, பயன் பெரியது. செய்முறையை ஆசிரியர்களுக்குச் சொல்லித்தர நான் வரத் தயாராக இருக்கிறேன். எந்தப் பள்ளி முதலில் கூப்பிட்டாலும் வருவேன்.